ஐந்து ஆண்டுக்கு ஒரு மாமன்னர்

கேள்வி: என் மகன் ஜொகூரில் வேலை பார்க்கிறான். மலேசியாவில் ஐந்து வருடத்துக்கு ஒரு ராஜா மாறுவார் என்கிறான். ரிங்கிட் நோட்டில் ஒரே முகம்தானே இருக்கிறது? எதற்காக இப்படி ஓர் ஏற்பாடு?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: நோட்டில் இருப்பவர் முதல் மாமன்னர், நெகிரி செம்பிலானின் துவாங்கு அப்துல் ரகுமான். முதல் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் வேறு ஆள். கெடா அரச குடும்பத்துக்காரர்.

அங்கே 9 மாநிலங்களுக்கு அரச வம்சத்து ஆட்சியாளர்கள் உண்டு. அவர்கள் கூடி, ரகசிய வாக்கெடுப்பில் தங்களில் ஒருவரை 5 ஆண்டுக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1957 ஆகஸ்டில் முதல் தேர்தல் நடந்தபோது மூத்தவரான ஜொகூர் சுல்தான் இப்ராகிம் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஏன் இப்படி என்றால், 1946க்குப் போக வேண்டும். ஜப்பானியர் போனதும் திரும்பி வந்த பிரிட்டிஷார், மலாயாவின் (இன்றைய மேற்கு மலேசியா) எல்லா மாநிலங்களையும் ஒரே கவர்னரின் கீழ் ‘மலாயன் யூனியன்’ ஆக்கப் பார்த்தார்கள். ஹரோல்டு மெக்மைக்கேல் என்ற அதிகாரி அரண்மனை அரண்மனையாகப் போய்க் கையெழுத்து வாங்கினார். ஜப்பானியர் காலத்தில் அரியணையில் இருந்த சுல்தான்களுக்கு, மறுத்தால் பதவி போய்விடும் என்ற பயம். ஏப்ரல் 1 அன்று யூனியன் பிறந்தது. மலாய்க்காரர்கள் தொப்பியில் வெள்ளைத் துணி சுற்றித் துக்கம் காத்தார்கள். மலாய்த் தலைவர் ஓன் ஜாபர் வற்புறுத்தியதால் சுல்தான்கள் கவர்னரின் பதவியேற்புக்கே போகவில்லை. மறுமாதம் மலாய்க்காரர்களின் அம்னோ கட்சி பிறந்தது. 1948 பிப்ரவரி 1இல் யூனியனைக் கலைத்து, சுல்தான்களின் உரிமையை ஏற்ற கூட்டமைப்பை அமைத்தார்கள்.

என்னைக் கேட்டால், அந்த வெள்ளைத் துணிதான் சுல்தான்களைக் காப்பாற்றியது. வெள்ளைக்காரன் பறிக்கப் பார்த்த சிம்மாசனத்துக்காக ஜனங்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். உங்கள் பக்கத்துப் புதுக்கோட்டையை நினைத்துப் பாருங்கள். மலாயாவில் கூட்டமைப்பு பிறந்த அடுத்த மாதமே, 1948 மார்ச்சில், அந்தச் சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைந்தது. இந்தியாவில் மன்னராட்சி பிரிட்டிஷாரின் தூணாகத் தெரிந்தது. மலாயாவில் அவர்களால் அடிபட்டதாகத் தெரிந்தது.

1956இல் அரசியல் சட்டம் வகுக்க வந்த ரீட் குழுவின் ஐந்து பேரில் மலாயாக்காரர் ஒருவர்கூட இல்லை. இலங்கையின் அரசியலமைப்பில் கைவைத்த ஐவர் ஜென்னிங்ஸ் இதிலும் இருந்தார். இலங்கை 1972 வரை பிரிட்டிஷ் முடியையே தலைமையாக வைத்திருந்தது. மலாயாவுக்கு அது தேவைப்படவில்லை, சொந்த மன்னர்களே ஒன்பது பேர் இருந்தார்கள். ஒருவரை நிரந்தரமாக உயர்த்தினால் மற்ற எட்டுப் பேரும் ஒப்புவார்களா? அதனால்தான் முறை வைத்தார்கள்.

கேள்வி: அப்படியானால் எதிர்க்கரையில், சுமத்ராவில் இருந்த சுல்தான்கள் என்ன ஆனார்கள்?
– ஒரு வாசகர், நாகப்பட்டினம்

பதில்: கொடுமையான கதை. கிழக்குச் சுமத்ராவின் சுல்தான்கள் டச்சுத் தோட்டங்களின் குத்தகைப் பணத்தில் வாழ்ந்தவர்கள். டச்சுக்காரர் திரும்பி வருவதை அவர்கள் விரும்புகிறார்கள் என்ற கோபம் 1946 மார்ச்சில் வெடித்தது. அரண்மனைகள் சூறையாடப்பட்டன, பலர் கொல்லப்பட்டார்கள். லங்காட் இளவரசரும் பெரிய கவிஞருமான அமீர் ஹம்சா அதில் பலியானார். அவர் புதிய இந்தோனேசியக் குடியரசின் பிரதிநிதியாகவே அங்கே இருந்தவர். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

ஜாவாவில் யோக்யகர்த்தா சுல்தான் ஒன்பதாம் ஹமெங்குபுவோனோ, 1945 செப்டம்பரிலேயே குடியரசின் பக்கம் நின்றார். 1946 ஜனவரியில் குடியரசின் தலைநகரையே தன் ஊருக்கு வரவேற்றார். குடியரசு அதை மறக்கவில்லை: இன்றும் அவருடைய மகன்தான், தேர்தல் இல்லாமல், அந்த மாகாணத்தின் கவர்னர். 2012இல் இதற்குத் தனிச் சட்டமே போட்டார்கள்.

கேள்வி: இந்த இழுபறியில் தோட்டத் தமிழர்களுக்கு என்ன கிடைத்தது?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: மலாயன் யூனியன் மண்ணில் பிறந்தவருக்குக் குடியுரிமை தருவதாக இருந்தது. அது போனதும் 1948 கூட்டமைப்பு விதிகளை இறுக்கியது. 1957இல் சுதந்திரம் வந்த பிறகு அங்கே பிறந்தவர்கள் குடிமக்கள் ஆனார்கள். முன்பே பிறந்தவர்களில் பலர் மனுப் போட வேண்டியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பால்மரத் தொழிலாளிக்கு அந்த மனு எவ்வளவு தூரம்! குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு அடையாள அட்டையோடு நின்றவர்களிடம் 1969க்குப் பிறகு வேலை பெர்மிட் கேட்டார்கள். அது கிடைக்காமல் ஆயிரக்கணக்கானவர்கள் கப்பலேறினார்கள்.