கேஸ் கட்டோடு போங்கள்

அன்புள்ள ஐயா,

நான் கூடலூரில் ஏழு வருடமாக வக்கீலாக இருக்கிறேன். வெளிநாட்டில் நடக்கும் ஒரு சட்ட மாநாட்டுக்கு என்னை அழைத்திருக்கிறார்கள். பல நாட்டு நீதிபதிகளும் பாரிஸ்டர்களும் வந்து நான்கு நாள் கலந்து பேசுவார்களாம். தங்குவதும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு, விமான டிக்கெட் என் பொறுப்பு. சீனியர் "போய்ட்டு வாம்மா" என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. என் கட்சிக்காரர்களில் பாதிப் பேர் செக்‌ஷன் 17 நிலத்தில் இருப்பவர்கள். ஒருவருக்கு கரண்ட் இணைப்பு வேண்டும், இன்னொருவருக்கு அப்பா காலத்து வீட்டுக்கு ஒரு காகிதம் வேண்டும். அவர்கள் வழக்குக்கு வாய்தா வாங்கிவிட்டு நான் அங்கே போய் சட்டத்தின் ஆட்சியைப் பற்றிச் சொற்பொழிவு கேட்பது சரியா? நீதிபதிகளும் வக்கீல்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவதும் எனக்கு உறுத்துகிறது. நம் ஊரில் அப்படிச் செய்தால் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். இந்த மாதிரிக் கூட்டங்களால் எங்கேயாவது யாருக்காவது ஏதாவது நடந்திருக்கிறதா?

எஸ்., கூடலூர்

அன்புள்ள எஸ்.,

நடந்திருக்கிறது. அதில் ஒரு பகுதி உங்கள் கூடலூர் நிலத்தின் மேலேயே நடந்தது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் இதை வாசிக்கும் மற்றவர்களில் பலருக்கு செக்‌ஷன் 17 என்றால் என்னவென்று தெரியாது.

கூடலூர், பந்தலூர் பக்கத்து நிலங்கள் ஒரு காலத்தில் நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜன்மம், அதாவது பரம்பரைச் சொத்து. அவர்களிடம் குத்தகைக்கு எடுத்துத்தான் தேயிலைத் தோட்டங்கள் வந்தன. 1969-இல் தமிழக அரசு கூடலூர் ஜன்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. குத்தகைத் தோட்டங்களைப் பற்றிப் பேசும் பிரிவுதான் 17. அந்தப் பிரிவில் மாட்டிய நிலம் யாருக்கு என்பது முடிவாகாமல் இழுத்துக்கொண்டே போக, நிலத்தில் ஆட்கள் பெருகினார்கள். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த மலையகத் தமிழர்களில் பலரும் அந்த மலைகளில் குடியேறினார்கள். இரண்டு பிரதமர்கள் போட்ட கையெழுத்தால் ஊர் மாறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று உங்கள் அலுவலக பெஞ்சில் உட்கார்ந்திருக்கக்கூடும்.

1972-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தில் காடுகளை எடுத்துக்கொள்ளும் பகுதி செல்லாது என்றது. 1974-இல் நாடாளுமன்றம் முழுச் சட்டத்தையும் அரசியல் சாசனத்தின் ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்தது. அந்த அட்டவணைக்குள் போய்விட்ட சட்டத்தை அடிப்படை உரிமைகளைக் காட்டி எந்தக் கோர்ட்டும் ரத்து செய்ய முடியாது என்பது ஏற்பாடு. அதை எதிர்த்துப் போன வழக்குதான் ஐ.ஆர். கோயலோ. 2007 ஜனவரி 11-ஆம் தேதி ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துச் சொன்னார்கள்: 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு அந்த அட்டவணையில் எதைச் சேர்த்தாலும், அது அரசியல் சாசனத்தின் அடிப்படைக் கட்டமைப்பைக் குலைக்கிறதா என்று கோர்ட் பார்க்கலாம். இன்று இந்தியாவின் எல்லாச் சட்டக் கல்லூரிகளிலும் இந்த வழக்கைப் பாடமாகப் படிக்கிறார்கள். அது கூடலூர் நிலத்திலிருந்து கிளம்பிய வழக்கு என்பது படிக்கிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ.

சரி, அந்த 1973 ஏப்ரல் 24 எங்கிருந்து வந்தது? கேசவானந்த பாரதி தீர்ப்பு நாள் அது. பதின்மூன்று நீதிபதிகள், ஏழுக்கு ஆறு. சாசனத்தைத் திருத்தலாம், அதன் அடிப்படைக் கட்டமைப்பை அழிக்க முடியாது என்ற முடிவு அன்று பிறந்தது. ஆனால் அந்த யோசனைக்கு அதற்கு முன்பே ஒரு பயணம் இருக்கிறது. 1965 பிப்ரவரியில் டீட்ரிஷ் கான்ராட் என்ற ஜெர்மன் சட்ட அறிஞர் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் சட்டத்துறையில் ஒரு உரை நிகழ்த்தினார். அவர் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய நிறுவனத்தைச் சேர்ந்தவர். ஜெர்மனியின் பழைய வைமார் சாசனத்தை ஹிட்லர் காலத்தில் அதன் விதிகளுக்குள் நின்றே எப்படிக் கொன்றார்கள் என்பது அவர் தலைமுறைக்குத் தெரியும். போருக்குப் பிறகு 1949-இல் எழுதிய புதிய சாசனத்தில், இந்த இந்த விஷயங்களை எந்தப் பெரும்பான்மையாலும் திருத்த முடியாது என்று ஜெர்மானியர்கள் எழுதிவைத்தார்கள். அந்த அனுபவத்தோடு வந்த மனிதர் பனாரஸில் சில கேள்விகள் கேட்டார். மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு இருந்தால், முதல் சரத்தைத் திருத்தி இந்தியாவைத் தமிழ்நாடு என்றும் இந்துஸ்தான் என்றும் இரண்டாகப் பிரித்துவிட முடியுமா என்பது அதில் ஒன்று.

1965-இல், இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் தமிழ்நாடு பற்றியெரிந்துகொண்டிருந்த அதே நாட்களில், இந்தக் கேள்வியை ஒரு இந்திய வக்கீல் கோர்ட்டில் நின்று கேட்டிருக்க முடியுமா? உடனே அவர் எந்தக் கட்சி, எந்தப் பக்கம் என்றுதான் பார்த்திருப்பார்கள். கான்ராடுக்கு இங்கே பக்கம் கிடையாது, அதனால் கேள்வி கேள்வியாகவே நின்றது. சென்னையில் தொழில் செய்த எம்.கே. நம்பியார் அந்த வாதத்தை எடுத்துக்கொண்டு போய், சாசனத் திருத்தத்துக்கு எல்லை உண்டா என்று கேட்ட கோலக்நாத் வழக்கில் வைத்தார். 1967 தீர்ப்பு அதைத் தொட்டுவிட்டு நகர்ந்தது. ஆறு வருடம் கழித்து, கேசவானந்த பாரதியில் நீதிபதி எச்.ஆர். கன்னா கான்ராடின் வரிகளையே மேற்கோள் காட்டினார். 1989-இல் வங்கதேச உச்ச நீதிமன்றம் தங்கள் சாசனத்தின் எட்டாவது திருத்தத்தில் ஒரு பகுதியை இதே கொள்கையின் மேல் நின்று ரத்து செய்தது. ஒரு அறையில் ஒரு வெளியூர்க்காரர் பேசியதை ஒரு வக்கீல் காதில் வாங்கி கேஸ் கட்டுக்குள் வைத்துக்கொண்டதால் வந்தது இவ்வளவும்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம், கலந்து பேசுவதன் பயன் எதில் இருக்கிறது என்று எனக்கு இந்தக் கதைதான் காட்டியது. வெளியாளால்தான் கேட்க முடிகிற கேள்வி என்று ஒன்று இருக்கிறது. நான் அதை நேரிலும் பார்த்திருக்கிறேன்.

பல வருடங்களுக்கு முன்பு ஊட்டியில் ஒரு வக்கீல் நண்பர் வீட்டில் ஒரு மாலை. இங்கிலாந்திலிருந்து வந்திருந்த வயதான பாரிஸ்டர் ஒருவர், இன்னும் நான்கைந்து உள்ளூர் வக்கீல்கள், நான். வெளியே மழை, உள்ளே டீயும் வர்க்கியும். மலையில் ஒரு கோர்ட்டில் பணியர் பழங்குடிப் பெண் ஒருவர் சாட்சி சொன்ன வழக்கைப் பற்றி நண்பர் விவரித்துக்கொண்டிருந்தார். வந்தவர் முழுதாகக் கேட்டுவிட்டு, "அந்த அம்மா எந்த மொழியில் பேசினார்?" என்றார். பணியர் மொழியில். "எந்த மொழியில் பதிவானது?" தமிழில். "மேல்முறையீட்டில்?" ஆங்கிலத்தில். "அப்படியானால், இது நான் சொன்னதுதான் என்று அவர் எந்த இடத்தில் சரிபார்த்தார்?" வாக்குமூலத்தை வாசித்துக் காட்ட வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது என்றார் நண்பர். "இருக்கும். அன்றைக்கு யார் வாசித்துக் காட்டினார்?"

யாரும் பேசவில்லை. என் நண்பர் முப்பது வருடம் அந்த மலையில் தொழில் செய்தவர், பணியர்களுக்காகவும் காட்டுநாயக்கர்களுக்காகவும் பணம் வாங்காமல் வக்காலத்துப் போட்டவர். அக்கறையில் குறை சொல்லவே முடியாது. தினமும் பார்த்த விஷயம் என்பதால் அது அவர் கண்ணுக்குத் தெரியாமலே போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் எடுத்த ஒவ்வொரு வழக்கிலும், சாட்சியின் மொழி தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தி வரிவரியாகச் சொல்ல வைத்தார். கோர்ட் நேரம் போகிறது என்று எரிச்சல்பட்டார்கள். அவர் விடவில்லை. அந்த ஒரு மாலை நேரப் பேச்சு எத்தனை சாட்சிகளுக்கு உதவியது என்று நான் கணக்கு வைக்கவில்லை. ஆனால் உதவியது.

மாநாட்டுத் தீர்மானங்கள் எல்லாம் காகிதத்தோடு போய்விடும் என்று நினைப்பீர்கள். பல அப்படித்தான் போகின்றன. ஆனால் விசாகா தீர்ப்பை ஒரு தடவை திரும்ப எடுத்துப் பாருங்கள். வேலையிடத்தில் பெண்கள் மீதான பாலியல் தொல்லைக்கு 1997-இல் இங்கே தனிச் சட்டமே இல்லை. அந்த இடைவெளியில் கோர்ட் தானே வழிகாட்டு நெறிகளை எழுதியது. அப்படி எழுத நீதித்துறைக்கு என்ன பொறுப்பு இருக்கிறது என்று காட்ட, ஆசிய பசிபிக் நாடுகளின் தலைமை நீதிபதிகள் 1995-இல் பெய்ஜிங்கில் கூடிக் கையெழுத்திட்ட அறிக்கையைத் தீர்ப்புக்குள்ளேயே மேற்கோள் காட்டியது. ஒரு மாநாட்டுக் காகிதம் இரண்டே வருடத்தில் இந்தியப் பெண்களின் கையில் உரிமையாக வந்து சேர்ந்தது.

இன்னொன்று நமக்குப் பக்கத்திலேயே நடந்தது. 1988 பிப்ரவரியில் முன்னாள் தலைமை நீதிபதி பி.என். பகவதி பெங்களூரில் ஒரு சிறு கூட்டம் கூட்டினார். ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கிர்பி வந்தார், இங்கிலாந்து பாரிஸ்டர் ஆண்டனி லெஸ்டர் வந்தார், பிற்பாடு அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போன ரூத் பேடர் கின்ஸ்பர்க்கும் வந்தார். உள்நாட்டுச் சட்டம் தெளிவில்லாத இடத்தில் நீதிபதி சர்வதேச மனித உரிமை நெறிகளைப் பார்க்கலாம் என்று பேசி முடிவு செய்தார்கள். நாடாளுமன்றம் சட்டமாக்காத ஒப்பந்தம் கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது என்ற பழைய பாடத்தில் வளர்ந்தவர் கிர்பி. அந்தக் கூட்டம் தன்னை மாற்றியது என்று அவரே பல இடங்களில் எழுதியிருக்கிறார். அதே வருடம், விசாரணை தாமதமான ஒரு வழக்கில் அந்த வழியில் தீர்ப்பும் எழுதினார்.

அப்புறம் அந்தச் சாப்பாட்டு மேசை. உங்கள் உறுத்தல் நியாயமானது, அதை விட்டுவிடாதீர்கள். நீதிபதிகளின் நடத்தை பற்றிய பெங்களூர் கோட்பாடுகள் என்று ஒன்று இருக்கிறது. 2001-இல் பெங்களூரில் வரைந்து 2002-இல் ஹேக் நகரில் முடித்தார்கள். அதுவும் பல நாட்டு நீதிபதிகள் உட்கார்ந்து பேசியதில் வந்ததுதான். தன் கோர்ட்டில் வழக்கமாக ஆஜராகும் வக்கீல்களோடு பழகும்போது, பாரபட்சம் என்ற சந்தேகம் வரக்கூடிய நிலைமையை நீதிபதி தவிர்க்க வேண்டும் என்கிறது அது. 'வழக்கமாக ஆஜராகும்' என்ற சொற்களைக் கவனியுங்கள். நீங்கள் போகிற இடத்தில் எந்த வெளிநாட்டு நீதிபதி முன்பும் உங்களுக்கு வழக்கு இல்லை, இனியும் இருக்கப்போவதில்லை. ஏழு வருட ஜூனியர் இங்கே எந்த நீதிபதியிடமும் கேட்க முடியாததை அங்கே கேட்கலாம். நான்காவது வாய்தா கேட்கும் வக்கீலைப் பற்றி நீங்கள் மனதில் என்ன நினைப்பீர்கள்? ஏழைச் சாட்சி பயத்தில் தடுமாறினால், பொய் சொல்கிறார் என்று படுமா? இதற்கு அவர்கள் ஒளிக்காமல் பதில் சொல்வார்கள். நம் உயர் நீதிமன்ற நீதிபதிகள் யாராவது வந்திருந்தால் மட்டும் வணக்கம் சொல்லிவிட்டு வேறு மேசைக்குப் போய்விடுங்கள். லண்டனில் பாரிஸ்டர் ஆகப் படிப்பவர்கள் அவர்களுடைய 'இன்' என்ற பாரிஸ்டர் சங்கத்தின் மண்டபத்தில் இத்தனை முறை இரவு உணவு சாப்பிட்டிருக்க வேண்டும் என்றே விதி இருந்தது. மூத்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து தொழில் கற்பதற்கான ஏற்பாடு அது. காந்தியும் இன்னர் டெம்பிள் என்ற இன்னில் அப்படிச் சாப்பிட்டுத்தான் 1891-இல் பாரிஸ்டர் ஆனார்.

பாரிஸ்டர்களிடம் உங்கள் வேலையைச் சொல்லுங்கள். அங்கே பெரும்பாலும் கட்சிக்காரரைப் பார்ப்பவர் சொலிசிட்டர், கோர்ட்டில் வாதாடுபவர் பாரிஸ்டர். இங்கே 1961 வழக்கறிஞர் சட்டத்துக்குப் பிறகு எல்லோரும் ஒரே இனம். கூடலூரில் நீங்களே வக்காலத்து எழுதி, நீங்களே மனுவை டைப் செய்ய வைத்து, நீங்களே வாதாடி, அப்புறம் கட்சிக்காரரைக் கூட்டிக்கொண்டு மின்வாரிய அலுவலகத்துக்கும் போகிறீர்கள். கட்சிக்காரரின் வீட்டுக் கூரை ஒழுகுவதைக் கண்ணால் பார்த்த வக்கீல் நீங்கள். அந்த அறையில் அப்படிப்பட்டவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கோயலோ தீர்ப்பு கொள்கையைச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு சட்டத்தையும் அந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கும் வேலையை வேறு அமர்வுக்கு அனுப்பியது. உங்கள் கட்சிக்காரர் வீட்டில் அதனால் விளக்கு எரியவில்லை. நீங்கள் கோபப்பட நியாயம் இருக்கிறது. பொன்னாடையும் குழுப்படமுமாக முடிகிற மாநாடுகள் மேல் எனக்கும் கோபம் உண்டு. அந்தக் கோபத்தோடுதான் நீங்கள் அங்கே போக வேண்டும் என்கிறேன். அங்கே வெளியாள் நீங்கள். கான்ராட் பனாரஸில் கேட்டது மாதிரி நீங்கள் கேட்கலாம்: அரை நூற்றாண்டாக முடிவாகாத நிலத்தில் மூன்று தலைமுறை வாழ்ந்துவிட்டால், உங்கள் நாட்டுச் சட்டம் அவர்களை என்னவென்று அழைக்கும்?

ஆஸ்திரேலியர்கள் யாராவது வந்தால், அங்கே பூர்வகுடிகளின் நில உரிமையை ஏற்க வைத்த மாபோ வழக்கைப் பற்றிக் கேளுங்கள். 1992 தீர்ப்பை எல்லோரும் சொல்வார்கள், அதை விடுங்கள். தீவு மக்களின் வாய்மொழிச் சாட்சியத்தை எப்படிப் பதிந்தார்கள், நீதிபதி தீவுக்கே போய்ச் சாட்சி கேட்டபோது மொழிக்கு என்ன செய்தார்கள், எந்த இடத்தில் சொதப்பினார்கள் என்று கேளுங்கள். வழக்குப் போட்ட எடி மாபோ தீர்ப்பைப் பார்க்கவில்லை, அதற்குச் சில மாதங்கள் முன்பு இறந்துவிட்டார். அந்தக் குடும்பம் அத்தனை வருடம் எப்படித் தாக்குப்பிடித்தது என்பதையும் கேளுங்கள். உங்கள் கட்சிக்காரர்களுக்கு அது தெரிய வேண்டும்.

வாய்தா பற்றி: கிளம்பும் முன்பு ஒவ்வொரு கட்சிக்காரரையும் நேரில் பார்த்து, இந்தக் காரணத்துக்காகப் போகிறேன், இத்தனை நாள் இருக்க மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். அவசர மனு இருந்தால் சீனியரிடம் கட்டைக் கொடுத்துவிட்டுப் போங்கள். "என் விஷயத்தையும் அங்கே சொல்லுவியாம்மா?" என்று யாராவது கேட்டால், பெயரும் ஊரும் தெரியாத மாதிரி சொல்லலாமா என்று அவரிடமே அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

செக்‌ஷன் 17-இன் முழுக் கதையையும் வெளிநாட்டவருக்குப் புரிகிற மாதிரி இரண்டு பக்கத்தில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டால் நல்லது. முதல் வரைவை நீங்கள் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கோத்தகிரி வீட்டில்தான் இருப்பேன். காலை பஸ்ஸில் வந்தால் மதியத்துக்குள் உட்கார்ந்து சரிபார்த்துவிடலாம். கேஸ் கட்டையும் எடுத்துவாருங்கள்.