பட்டறைக் கேள்விகள்: பிளக் கறுப்பு, சென்சார் சொல்வது வேறு

கேள்வி: எங்கள் கல்லூரி அணி மாணவர் ஃபார்முலா போட்டிக்காக 390 கேடிஎம் பைக்கின் இன்ஜினை வைத்துக் கார் கட்டுகிறது. வியாசர்பாடிப் பட்டறை ஒன்றில் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) குழாயை வளைத்து, இன்ஜினிலிருந்து புகையை வெளியே கொண்டுசெல்லும் புதிய பெண்ட் பைப் செய்து மாட்டினோம். அதன் பிறகு 6,000 ஆர்.பி.எம். அருகே இன்ஜின் திணறுகிறது. புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் பெட்ரோல் குறைவு என்கிறது. பிளக்கிலோ கரி படிந்திருக்கிறது. குழாயின் நீளம் தவறா? மேனிஃபோல்ட் செய்திருக்க வேண்டுமா?
– மாணவர், தண்டையார்பேட்டை

பதில்: மேனிஃபோல்ட் என்பது பல சிலிண்டர்களின் குழாய்களை ஒன்று சேர்ப்பது, உங்கள் இன்ஜினில் இருப்பதே ஒரு சிலிண்டர்தான் என்பதால் அந்தக் கவலை வேண்டாம். நீளத்தைப் பற்றியும் பிறகு பேசலாம். முதலில் பிளக்கை நம்புங்கள்.

எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் புறப்படும் அழுத்த அலை, குழாயின் திறந்த முனையை அடைந்து, உறிஞ்சும் அலையாகத் திரும்பி வருகிறது. அது சரியான நேரத்தில் வால்வை எட்டினால் எரிந்த புகையை வெளியே இழுத்து, புதுக் கலவை உள்ளே வர வழிவிடும். ஆனால் சென்சாருக்கு முன்னால் உள்ள இணைப்பில் மயிரிழை அளவு இடைவெளி இருந்தால், அதே அலை அதன் வழியாக வெளிக்காற்றையும் உள்ளே இழுத்துவிடும். அந்தக் காற்றில் உள்ள ஆக்சிஜனைப் பார்த்து, பெட்ரோல் போதவில்லை என்று சென்சார் தவறாகச் சொல்ல, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ மேலும் பெட்ரோலைக் கொட்டுகிறது, பிளக் கறுக்கிறது. உங்கள் வண்டியில் நடப்பது பெரும்பாலும் இதுதான்.

சோதிப்பது எளிது. இன்ஜின் ஆறிய பின், வாக்குவம் கிளீனரின் காற்று ஊதும் வாயைச் சைலன்சர் முனையில் துணி சுற்றிப் பொருத்தி ஊதவிட்டு, ஒவ்வோர் இணைப்பிலும் சோப்பு நீரைத் தடவுங்கள். சிலிண்டர் ஹெட்டில் பிளேஞ்ச் (குழாய் முனையில் உள்ள தட்டையான இணைப்புத் தகடு) உட்காரும் இடத்தில் நுரை பொங்கினால், வெல்டிங் சூட்டில் பிளேஞ்ச் கோணியிருக்கிறது என்று பொருள். லேத்தில் முகம் சீவி, புது கேஸ்கெட் போடுங்கள். குழாயின் உள்பக்கத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே ஆர்கன் வாயுவை நிரப்பாமல் வெல்டிங் செய்திருந்தால், தையலின் உள்புறம் கருகிய வெல்லப்பாகுபோலப் பொரிந்து நிற்கும். பட்டறைக்காரர் வெளித்தையலை எவ்வளவு அழகாகப் போட்டிருந்தாலும் அது உதவாது.

இனி நீளம். ட்யூனிங் கைநூல்களில் பழைய சூத்திரம் ஒன்று உண்டு: பிஸ்டன் கீழ்முனையை அடைவதற்கு எத்தனை பாகை முன்பு எக்ஸாஸ்ட் வால்வு திறக்கிறதோ அதனுடன் 180ஐக் கூட்டி, 850ஆல் பெருக்கி, ஆர்.பி.எம்.மால் வகுத்து, 3ஐக் கழித்தால் அங்குலத்தில் நீளம் கிடைக்கும். வால்வு 50 பாகை முன்பு திறப்பதாகக் கொண்டால், 7,000க்கு ஏறக்குறைய 63 செ.மீ., 8,500க்கு 51 செ.மீ. வருகிறது. அலை புறப்படுவது வால்விலிருந்து என்பதால் ஹெட்டுக்குள் இருக்கும் பாதையையும் சேர்த்தே அளக்க வேண்டும். மாணவர்கள் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். இதை முடிந்த விடையாகக் கொள்ளாமல் தொடக்கமாக மட்டும் கொண்டு, ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இணைப்பை ஸ்பிரிங்கால் பிடித்து வைத்து, 3 செ.மீ. கூட்டியும் குறைத்தும் ஓட்டிப் பாருங்கள். அந்த இணைப்பு சென்சாரைத் தாண்டி வெகு தள்ளி இருக்கட்டும். வளைவுகள் நிறைந்த தடத்தில் உங்கள் கார் பெரும்பாலான நேரம் எந்த ஆர்.பி.எம்.மில் ஓடுகிறதோ அதற்கே நீளத்தை வையுங்கள். சென்னை அருகே சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த நாட்களில் நேர்கோட்டு வேகம் பெரிதாக இருந்திருக்கலாம். உங்கள் போட்டியில் அப்படியில்லை.

கேள்வி: பைப்பின் மேல் வெப்பத் துணி சுற்றலாமா?
– வாசகர், எண்ணூர்

பதில்: எஸ்.எஸ். குழாய் என்றால் சுற்றலாம். புகை சூடாகவே இருப்பதால் அலையின் வேகம் கூடி, ட்யூன் செய்த ஆர்.பி.எம். சற்று மேலே நகரும். சாதாரண இரும்புக் குழாய் என்றால் வேண்டாம். துணிக்குள் ஈரம் தங்கும், உங்கள் ஊர்க் கடல் காற்றுக்கு அது விரைவில் அரித்துப் போகும்.