புதிய பெண்ட் பைப், காலையில் ‘டிக் டிக்’: ரீமேப்புக்குப் பணம் கட்டும் முன்

திருப்பூர் வாசகர் ஒருவரின் கேள்வி: “2021இல் வாங்கிய ராயல் என்ஃபீல்ட் இன்டர்செப்டர் 650 வைத்திருக்கிறேன். ஆறு வாரங்களுக்கு முன் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பிக்-போர் (அகலக் குழாய்) பெண்ட் பைப் மாற்றினேன். அன்றிலிருந்து காலையில் ஸ்டார்ட் செய்ததும் எஞ்சினின் முன்பக்கம் ‘டிக் டிக்’ என்று கேட்கிறது; ஐந்து நிமிடத்தில் குறைந்துவிடுகிறது. ஆக்சிலரேட்டரை விட்டால் சைலன்சரில் ‘பட பட’வென்று வெடிக்கிறது. மைலேஜும் இறங்கிவிட்டது. பைப் மாட்டிய கடையில் ரீமேப் செய்தால் சரியாகும் என்கிறார்கள். எங்கள் ஊர் மெக்கானிக் டேப்பட் சத்தம் என்கிறார். எதை முதலில் செய்வது?”

ரீமேப், அதாவது எஞ்சினின் கணினி பெட்ரோல் தெளிக்கும் கணக்கை மாற்றி எழுதுவது, டேப்பட், அதாவது வால்வை இயக்கும் பாகத்தின் இடைவெளியைச் சரிசெய்வது, இரண்டையும் இப்போது செய்ய வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் மூன்று அறிகுறிகளும் ஒரே இடத்தைச் சுட்டுகின்றன: சிலிண்டர் ஹெட்டும், அதிலிருந்து புகையைச் சைலன்சருக்குக் கொண்டுபோகும் புதிய பெண்ட் பைப்பும் சேரும் வாயில் புகை கசிகிறது. குளிர்ந்த நிலையில் கேட்டு, சூடேறியதும் அடங்கும் சத்தம் இதற்கு நல்ல அடையாளம். உலோகம் சூட்டில் விரிந்து இடைவெளியைத் தற்காலிகமாக அடைத்துக்கொள்கிறது, இரவு முழுவதும் ஆறியபின் அது மறுபடியும் திறந்துகொள்கிறது. டேப்பட் சத்தத்துடன் இதைக் குழப்பிக்கொள்வதில் உங்கள் மெக்கானிக்கைக் குறை சொல்ல மாட்டேன். வால்வும் சரி, புகை வெளியேற்றமும் சரி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் நிகழ்கின்றன. ஆகவே தாளம் ஒன்றாகவே இருக்கும். ஆனால் பைப் மாற்றிய அதே நாளில் டேப்பட்டும் தற்செயலாகத் தளர்ந்தது என்று நம்புவதற்கு எனக்குக் காரணம் ஏதும் தெரியவில்லை.

வெடிச்சத்தமும் மைலேஜும் இதோடு சேர்ந்தவைதாம். புகை குழாயில் ஒரே சீராக ஓடுவதில்லை, துடிப்புத் துடிப்பாகப் போகிறது. ஒவ்வொரு துடிப்பின் பின்னாலும் ஒரு கணம் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைகிறது. ஓட்டை இருந்தால் முதல் பாதியில் புகை வெளியே வரும், அடுத்த பாதியில் வெளிக்காற்று உள்ளே போகும். அந்தக் காற்றில் உள்ள ஆக்சிஜனை பெண்ட் பைப்பில் திருகியிருக்கும் சென்சார் கண்டு, “எரிபொருள் போதவில்லை” என்று எஞ்சினின் கணினியான ஈசியூவிடம் தவறாகச் சொல்கிறது. ஈசியூவும் நம்பிக் கூடுதலாகப் பெட்ரோல் தெளிக்கிறது. மைலேஜ் அங்கேதான் போகிறது. ஆக்சிலரேட்டரை விட்டதும் எரியாமல் வந்த மிச்சப் பெட்ரோல், உள்ளே புகுந்த இந்தக் காற்றுடன் சேர்ந்து சூடான குழாய்க்குள் பற்றிக்கொள்கிறது. நீங்கள் கேட்கும் ‘பட பட’ அதுதான்.

இந்த நிலையில் ரீமேப் செய்வது, ஒரு தட்டுக்கடியில் கல் கிடக்கும் தராசுக்குப் படிக்கல் மாற்றுவது போன்றது. சென்சார் சொல்வது பொய்யாக இருக்கும்போது அதை வைத்து எழுதும் மேப்பும் பொய்யாகத்தான் இருக்கும். கடைக்காரருக்கு இது தெரியாதா என்றால், பெரும்பாலும் தெரியும். பைப்பைக் கழற்றி, இணைப்பை அடைக்கும் கேஸ்கட் வளையத்தைச் சரிசெய்யும் வேலைக்கு அவருக்குக் கூலி கிடைக்காது, ஏனென்றால் அது அவர் மாட்டியதில் வந்த தவறு. ரீமேப்புக்கு ஆயிரக்கணக்கில் கிடைக்கும். சில இடங்களில் இன்னும் மலிவாக, ஆக்சிஜன் சென்சாரின் கம்பியில் ஒரு ரெசிஸ்டரையோ சிறு பெட்டியையோ இணைத்து ‘ஏமாற்றி’ விடுகிறோம் என்பார்கள். பேசாமல் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். கசிவை அடைத்து, சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, அதன் பிறகும் வண்டி திணறினால் ரீமேப்பைப் பற்றி யோசிக்கலாம், அதற்கு முன் இல்லை.

கசிவைக் கண்டுபிடிக்கச் செலவு ஒன்றும் இல்லை. முதலில் பாருங்கள், பிறகு கேளுங்கள், கடைசியாக ஊதுங்கள். ஆறிய எஞ்சினில் டார்ச் அடித்து, பைப் ஹெட்டில் நுழையும் இடம், சென்சார் திருகியிருக்கும் இடம், வெல்டிங் தையல்கள், சைலன்சருடன் சேரும் கிளாம்ப் ஆகியவற்றைச் சுற்றிக் கரிக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். விசிறி போல விரிந்த கறுப்புத் தடம் இருந்தால் கசிவு அங்கேதான். எஸ்எஸ் குழாய் பொன்னிறமாகவும் நீலமாகவும் மாறியிருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம், அது சூட்டின் நிறம் மட்டுமே. பிறகு ஒரு மீட்டர் ரப்பர் குழாயை எடுத்து, ஒரு முனையைக் காதருகே வைத்து, மறு முனையை இந்த இடங்களில் ஒவ்வொன்றாகக் கொண்டுபோங்கள். எஞ்சின் அப்போதுதான் ஸ்டார்ட் ஆனதாக இருக்க வேண்டும், வண்டி வெட்டவெளியில் நிற்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ஷட்டர் இறக்கிய கேரேஜில் இந்த வேலை கூடாது.

இவற்றில் பிடிபடாவிட்டால் சோப்பு நுரை. எஞ்சினை அணைத்து நன்றாக ஆறவிட்டு, ஒரு சைலன்சரின் வாயை ஈரத்துணியால் இறுக அடைத்து, மற்றதில் வேக்கம் கிளீனரின் காற்று வெளியே வரும் பக்கத்தைத் துணி சுற்றிப் பொருத்துங்கள். ஷாம்பு கலந்த தண்ணீரை ஒவ்வொரு இணைப்பிலும் தெளித்தால், கசியும் இடத்தில் குமிழி பொங்கும். ஒரு சிலிண்டரின் இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் சேர்ந்து திறந்து நின்றால் ஏர் ஃபில்டர் பக்கம் காற்றுச் சத்தம் கேட்கலாம். அது கசிவு அல்ல. பஞ்சர் கடைக் கம்ப்ரசரை முழு அழுத்தத்தில் வைத்து இதைச் செய்ய வேண்டாம். அங்கே நல்ல இணைப்பும் சீறும், வீண் பயம்தான் மிஞ்சும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த ஒன்றைக் கசிவு என்று நினைத்து வண்டியைக் கெடுத்துக்கொண்டவர்கள் அதிகம். பல சைலன்சர்களின் அடிவயிற்றில், பின்பக்கமாக, தீக்குச்சி நுழையும் அளவுக்கு ஒரு சிறு துளை இருக்கும். காலையில் அதிலிருந்து தண்ணீர் சொட்டும், கையை வைத்தால் புகை படும், சோப்புத் தண்ணீர் தெளித்தால் அழகாக நுரைக்கும். இது கம்பெனி வேண்டுமென்றே வைத்த வடிகால். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகிறது. எஞ்சின் ஆறும்போது அதில் ஒரு பகுதி சைலன்சருக்குள் தண்ணீராகவே தங்கிவிடுகிறது, முக்கியமாக அருகிலுள்ள கடைக்குப் போய் வரும் குறுகிய ஓட்டங்களில். அந்தத் தண்ணீர் வடிவதற்குத்தான் துளை. அதை வெல்டிங் வைத்தோ எம்-சீல் வைத்தோ அடைத்தால், உள்ளே அமிலத்தன்மையோடு தேங்கும் நீர் தகட்டை உள்ளிருந்தே அரித்து, சைலன்சரின் அடிப்பகுதி பொத்தலாகிவிடும். அப்போது உண்மையான கசிவே வரும். என்னிடம் வந்த ஒருவர், முந்தைய பட்டறையில் கூலி கொடுத்து இரண்டு பக்கத் துளைகளையும் ஆர்கான் வெல்டிங்கில் அடைத்துவிட்டு, சத்தம் மட்டும் ஏன் போகவில்லை என்று கேட்டார். சத்தம் ஹெட்டில் இருந்தது. துளை வட்டமாக, ஓரம் சுத்தமாக, அடிப்பக்கத்தில் இருந்தால் அதைத் தொடாதீர்கள். ஓரம் பிசிறாக, துருவோடு, பக்கவாட்டில் இருந்தால் அது வேறு.

இனிச் சரிசெய்வது. முந்தைய இரவே, பைப்பை ஹெட்டில் பிடித்திருக்கும் ஸ்டட் (மரையுள்ள கம்பி) நட்டுகளில் டபிள்யூடி-40 போன்ற ஊடுருவும் எண்ணெய் தெளித்து வையுங்கள். அலுமினிய ஹெட்டில் ஸ்டட் ஒடிந்தால் பைப் வேலை லேத் பட்டறை வேலையாகிவிடும். நட் வர மறுத்தால் கால் சுற்று முன்னும் பின்னும் அசைத்து, மீண்டும் எண்ணெய் விட்டுக் காத்திருங்கள், நீளமான கம்பி போட்டு மிதிக்காதீர்கள். பைப் வெளியே வந்ததும், எக்ஸாஸ்ட் போர்ட்டுக்குள் (ஹெட்டின் புகை வாய்க்குள்) டார்ச் அடித்துப் பாருங்கள். நான் பார்த்த கசிவுகளில் அதிகமானவை இங்கே தான் பிறக்கின்றன: பழைய கேஸ்கட் வளையம் கரி படிந்து ஹெட்டின் பகுதி போலவே உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும், அவசரத்தில் மாட்டுபவர் அதன்மேலேயே புதியதை வைத்துவிடுவார், அல்லது பழையதைக் கழற்றி, அதையே திருப்பிப் போட்டுவிடுவார். இந்த வளையம் ஒரு முறை நசுங்குவதற்காகவே செய்யப்பட்டது. இரண்டாம் முறை அதற்கு நசுங்க இடமில்லை. வளைந்த சிறு கொக்கியால், ஹெட்டைக் கீறாமல், நெம்பி எடுத்துவிட்டுப் புதிய கேஸ்கட் போடுங்கள். உதிரிபாகக் கடைகள் நிறைந்த சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு வரை போக வேண்டியதில்லை, கம்பெனி உதிரிபாகக் கவுண்டரிலேயே வாங்கிவிடுங்கள். ரீமேப் செலவோடு ஒப்பிட்டால் அது ஒரு பொருட்டே அல்ல.

அடுத்தது பைப்பையே சந்தேகிக்க வேண்டிய இடம். வெளிச்சந்தைப் பைப்புகளில் போர்ட்டுக்குள் நுழையும் விளிம்பு சில சமயம் குட்டையாக இருக்கும். நட்டை இறுக்க இறுக்க, பைப்பைப் பிடித்திருக்கும் ஃபிளாஞ்ச் தகடு போய் ஹெட்டில் முட்டிக்கொள்ளும், உள்ளே கேஸ்கட் நசுங்காமலே இருக்கும். மாட்டியவருக்கோ ‘நல்லா டைட் ஆயிடுச்சு’ என்ற திருப்தி. இறுக்கி முடித்தபின் ஃபிளாஞ்சுக்கும் ஹெட்டுக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டை நுழைத்துப் பாருங்கள். சுற்றிலும் சீரான இடைவெளி இருக்க வேண்டும். முட்டியிருந்தால் பைப்பைக் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள். அப்போது அவர்கள் சிவப்பு சிலிக்கான் பசையை எடுத்து வருவார்கள். வேண்டாம். எஞ்சினுக்குச் சுமை ஏறும்போது போர்ட்டில் வெளிவரும் புகை 600 டிகிரி செல்சியஸைத் தாண்டும், அந்தப் பசை அதில் பாதி சூட்டுக்கே கருகத் தொடங்கும். போகும்போது அதன் ஆவி ஆக்சிஜன் சென்சாரையும் பாழாக்கிவிடலாம்.

மாட்டும் வரிசை முக்கியம். ஹெட் நட்டுகள், கிளாம்ப், சைலன்சர் போல்ட் எல்லாவற்றையும் முதலில் விரலால் மட்டும் திருகித் தொங்கவிடுங்கள். பைப் தானாகத் தன் இடத்தில் உட்கார வேண்டும், நட்டால் இழுத்து உட்கார வைக்கக் கூடாது. பிறகு ஹெட் நட்டுகளை மாற்றி மாற்றிக் கால் கால் சுற்றாக, சர்வீஸ் மேனுவலில் சொன்ன அளவுக்கு, இறுக்கும் விசையைக் காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கி, அதன் பிறகே கிளாம்பும் சைலன்சரும். சைலன்சரை முதலில் முடுக்கிவிட்டு ஹெட்டுக்கு வருபவர்தான் பைப்பை முறுக்கிவிடுகிறார். ஒரு மீட்டர் எஸ்எஸ் 304 குழாய் 500 டிகிரி சூடேறினால் எட்டு, ஒன்பது மில்லிமீட்டர் நீளும் என்பதை நினைத்துக்கொண்டால், முறுக்கிய நிலையில் பூட்டப்பட்ட குழாய் எங்கே விரிசல் விடும் என்பது தானே விளங்கும். ஒரு நாள் ஓட்டி, முழுதாக ஆறியபின் நட்டுகளை மறுபடி சரிபாருங்கள்.

இனி நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். பிக்-போர் பெண்ட் பைப் என்று விற்பவற்றில் பெரும்பாலும் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்டர் இருக்காது. உங்களுடையது 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 மாசு வரம்புக்கு உட்பட்ட வண்டி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்பெனி அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 182ஏ பிரிவில் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ இரண்டுமோ உண்டு. சத்தத்துக்கும் புகைக்கும் 190(2) பிரிவில் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமும் மூன்று மாதம் வரை சிறையும் மூன்று மாத உரிமத் தடையும் வரலாம். விற்கும் கடைக்காரர் ‘ரோடு லீகல் சார்’ என்பார், மாட்டிக்கொள்வது நீங்கள். 175 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு உற்பத்தி நிலையில் 80 டெசிபெல் வரம்பு என்று விதி இருக்கிறது, ஆனால் சாலையில் அளவிடும் கருவியோடு நிற்கும் காவலரை நான் இதுவரை பார்த்ததில்லை. எல்லாம் காதுக் கணக்குதான். மாசுச் சான்றிதழ் இன்னும் மோசம். ஹெட்டருகே கசிவுள்ள வண்டியில் வெளிக்காற்று கலந்து, சைலன்சர் முனையில் வைத்த கருவி உண்மையைவிடச் சுத்தமான எண்ணைக் காட்டும். அதாவது பழுதான வண்டிக்குத்தான் நல்ல மதிப்பெண். அதையும் அளக்காமல், வண்டியைக் கொண்டுவரவே வேண்டாம், நம்பர் பிளேட் போட்டோ போதும் என்று சொல்லும் இடைத்தரகர்களிடம் சான்றிதழ் வாங்காதீர்கள்.

ஒரு வேலை மிச்சமிருக்கிறது. உங்களுடைய பழைய பெண்ட் பைப் எங்கே என்று பாருங்கள். கடையில் ‘எக்ஸ்சேஞ்ச்’ என்றோ ‘ஸ்கிராப்புக்குப் போட்டுடறோம்’ என்றோ வாங்கி வைத்திருந்தால், இந்த வாரமே போய்க் கேட்டு வாங்கிவிடுங்கள். கேட்டலிடிக் கன்வர்டரில் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் இருக்கின்றன. அதை இலவசமாகப் பெற்றுக்கொள்பவர் உங்களுக்கு உபகாரம் செய்யவில்லை. வண்டியை விற்கும்போதும், வாரண்டி கேட்கும்போதும், போலீஸ் நிறுத்தி அசல் பைப்பை மாட்டி வரச் சொல்லும்போதும் அதுதான் உதவும். ஆக்சிஜன் சென்சார் ஓட்டையின் மரை கெடாமல் இருக்கிறதா என்று பார்த்து, எண்ணெய் தடவி, துணியில் சுற்றி வீட்டில் வையுங்கள்.