வாசகர் கேள்வி: அறுந்த கேபிளும் விளையாட்டுத் தடையும்

கேள்வி: மேட்டூரிலிருந்து வரும் மின்கோபுரத்தை ஒருவன் சாய்த்தால் சும்மா விடுவோமா? பால்டிக் கடலில் மின்கேபிள்களை அறுக்கும் நாட்டின் வீரர்களைப் போட்டிகளிலிருந்து விலக்குவதுதானே நியாயம்?
— வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: சாய்த்தவனை விடக் கூடாதுதான், அதற்காக அவன் ஊர்ப் பையனை நம் மகாத்மா காந்தி மைதானத்தில் ஓட விடாமல் நிறுத்துவீர்களா? தவிர, ரஷ்யாவை மனத்தில் வைத்து ‘அறுக்கும் நாடு’ என்று நீங்கள் எளிதாக எழுதிவிட்ட இடத்தில்தான் சிக்கலே இருக்கிறது. 2024 டிசம்பர் 25 அன்று பின்லாந்தையும் எஸ்தோனியாவையும் இணைக்கும் எஸ்ட்லிங்க் 2 கேபிள் அறுந்தபோது, ‘ஈகிள் எஸ்’ என்ற எண்ணெய்க் கப்பல் தன் நங்கூரத்தைக் கடலடியில் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் இழுத்துச் சென்றிருந்தது. ஏற்றியிருந்தது ரஷ்ய எண்ணெய், பறந்தது குக் தீவுகளின் கொடி, குற்றம் சாட்டப்பட்ட மூன்று அதிகாரிகளில் ஒருவர் இந்தியர். விசாரிக்கும் அதிகார வரம்பு தனக்கில்லை என்று ஹெல்சின்கி நீதிமன்றம் 2025 அக்டோபரில் வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டது. இதில் எந்த நாட்டு வீரரை வீட்டுக்கு அனுப்புவது?

ரஷ்யா விலக்கப்பட்டது இத்தகைய நாசவேலைக்காக அல்ல, 2022இல் உக்ரைன் மீது ஊரறியப் படையெடுத்ததற்காக. அப்போதும் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 15 ரஷ்யர்கள், போரை ஆதரித்தவர்களோ ராணுவத்தைச் சேர்ந்தவர்களோ அல்லர் என்று சரிபார்க்கப்பட்ட பின், கொடியும் கீதமும் இன்றித் தனிநபர்களாக ஆடினார்கள். இந்த அளவோடு நிறுத்துவதே முறை என்பது என் கருத்து. 2022 பெய்ஜிங் குளிர்காலப் பாராலிம்பிக்கிலோ, அங்கே வந்து இறங்கிவிட்ட ரஷ்ய, பெலாரஸ் மாற்றுத்திறனாளி வீரர்களை ஆடலாம் என்று சொல்லி, மறுநாளே, அதாவது தொடக்க விழாவுக்கு முந்தைய நாள், வெளியேற்றினார்கள். நம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் ரியோ, டோக்கியோ, பாரிஸ் என மூன்று பாராலிம்பிக்கில் பதக்கம் வென்றவர். அவற்றில் ஒன்றின் வாசலில் அவரை இப்படித் திருப்பி அனுப்பியிருந்தால் சேலம் பொறுத்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: அப்படியானால் தென்னாப்பிரிக்காவை விலக்கியதும் தவறா?
— வாசகி, ஏற்காடு

பதில்: இல்லை அம்மா. அங்கே நிறவெறி அணித் தேர்வுக்குள்ளேயே புகுந்திருந்தது. மைதானமே குற்றத்தின் இடமாக இருந்தது. 1974இல் டேவிஸ் கோப்பை இறுதிக்கு வந்த இந்தியா, அந்நாட்டுடன் ஆட மறுத்துக் கோப்பையையே விட்டுக்கொடுத்தது. முடிவு டெல்லியில் எடுக்கப்பட்டது. இதனால் ஆட முடியாமல் போனவர்களில் சென்னையின் விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் இருந்தார்கள்.