பூசணி பூக்கிறது, காய் மட்டும் நிற்கவில்லை

கேள்வி: திண்டுக்கல் பக்கம் வீடு, பின்னால் ஒரு சென்ட் செம்மண் இடம். பூசணி, பீர்க்கன் நன்றாகப் பூத்தும் பிஞ்சு வெம்பி உதிர்கிறது. தேனீ வருவதற்குப் பூச்செடி விதைப் பாக்கெட் வாங்கிப் போடலாமா? தண்ணீர் அதிகம் கிடையாது, பராமரிக்க நேரமும் இல்லை.

பதில்: பாக்கெட் வேண்டாங்க. காஸ்மாஸ், ஜினியா மாதிரி மெக்சிகோ பூக்கள்தான் அதில் அதிகம் வரும். தேனீ அதிலும் உட்காரும், ஆனால் நீங்கள் தண்ணீரை நிறுத்தினால் கதை முடிந்தது.

முதலில் உதிர்ந்த பிஞ்சு ஒன்றை அறுத்துப் பாருங்கள். உள்ளே புழு இருந்தால் அது பழ ஈ வேலை, எத்தனை தேனீ வந்தாலும் தீராது. புழு இல்லாமல் மஞ்சளாகிச் சுருங்கியிருந்தால் பெரும்பாலும் மகரந்தம் சேராததுதான்.

வேலியோரம் நொச்சிப் போத்து ஊன்றுங்கள், ஆடு கடிக்காது, வேர் பிடித்துவிட்டால் தண்ணீரும் கேட்காது, பூத்தால் தேனீ மொய்க்கும். அடுத்து ஆவாரம். விதைத்தோல் கெட்டி, அதனால் சுடுதண்ணீரில் போட்டு ஒரு ராத்திரி ஊறவைத்து ஐப்பசி மழையை ஒட்டி விதையுங்கள். ஆவாரம்பூவில் தேன் கிடையாது, மகரந்தம்தான், அதையும் பூவைக் கவ்விக்கொண்டு உடம்பை அதிரவைத்து உதிர்க்கத் தெரிந்த கருவண்டு (கட்டையில் துளை போடும் பெரிய கறுப்புத் தேனீ) மாதிரி ஆட்கள்தான் எடுப்பார்கள், கத்தரிக்கும் தக்காளிக்கும் அதே வித்தைதான் உதவும். கருவண்டு கூடு கட்டுவது காய்ந்த மூங்கிலிலும் பட்ட மரத்திலும், அதனால் பழைய கட்டைகளை எரித்துவிடாதீர்கள். மண்ணில் வளை தோண்டும் தேனீக்களும் உண்டு, ஒரு மூலையில் மூடாக்குப் போடாமல் வெறும் மண்ணாக விடுங்கள்.

தும்பையை நடவே வேண்டாம், மழைக்குத் தானாக வரும், களை என்று பிடுங்காமல் இருந்தால் சரி. மூக்குத்திப்பூ நம்மூர்ச் செடி இல்லைதான், அமெரிக்காவிலிருந்து வந்தது, ஆனாலும் கொசுத்தேனீக்கு ஆகும் என்பதால் நான் பிடுங்கச் சொல்லமாட்டேன். உன்னிச்செடியை மட்டும் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள், அப்புறம் இடத்தையே பிடித்துக்கொள்ளும்.

இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்து உபயோகிப்பவராக இருந்தால் இவ்வளவும் வீண். வேரில் ஊற்றினாலும் அது பூவின் தேனுக்கும் மகரந்தத்துக்கும் ஏறிவிடும்.

செடிகள் வளர்ந்து பூக்க மாதக்கணக்காகும், அதுவரை கையால்தான். பூசணி ஆண்பூவைக் காலை எட்டு மணிக்குள் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, அடியில் குட்டிக்காய் உள்ள பெண்பூவின் நடுவில் தடவுங்கள். பீர்க்கன் சாயங்காலம்தான் விரியும், அதற்கு ஐந்து மணிக்கு மேல் போங்கள்.