வெள்ளை உடைச் செய்தியாளர் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

செய்தியாளர்கள் அரசியலுக்கு வருவதைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியபோது, பிரிட்டனின் மார்ட்டின் பெல்லை நேர்மையான எடுத்துக்காட்டாகச் சொல்லியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மக்கள் கட்டிய தொலைக்காட்சி உரிமக் கட்டணத்தில் இயங்கும் பிபிசிதான் அவருடைய முகத்தை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. அந்த முகத்தோடு போய் வாக்குக் கேட்பது, பொதுச்சொத்தைச் சொந்தக் கணக்கில் வரவு வைப்பதாகாதா? தேர்தலில் ஒரு தரப்பாக நின்றுவிட்டவர் அதற்கு முன் தந்த செய்திகளைத்தான் இனி எப்படி நம்புவது?

ம.சு., தஞ்சாவூர்

அன்புள்ள ம.சு.,

உங்கள் கடிதத்தில் இரண்டு குற்றச்சாட்டுகள் இருக்கின்றன. முகத்தைப் பற்றியது முதலாவது. பழைய செய்திகளின் நம்பகத்தைப் பற்றியது இரண்டாவது. எனக்கு இரண்டாவதே முக்கியமாகப் படுவதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

பெல் 1962இல் பிபிசியில் சேர்ந்து வியட்நாம், நைஜீரியா, மத்தியக் கிழக்கு எனப் பல களங்களிலிருந்து செய்தி அனுப்பியவர். 1992இல் போஸ்னியாவின் சாரயேவோவில் ஒளிப்பதிவுக் கருவியின் முன் நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே குண்டுச் சிதறல் பட்டுக் காயமடைந்தார். போஸ்னியாவில் கண்டவற்றுக்குப் பிறகு, கொல்பவனுக்கும் கொல்லப்படுபவனுக்கும் நடுவே சம தூரத்தில் நிற்பதை நடுநிலை என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. தெரிந்துகொள்வதோடு அக்கறையும் கொள்ளும் செய்தியியல் வேண்டும் என்று வெளிப்படையாகவே வாதிட்டார். சக செய்தியாளர்கள் சிலர் அதைக் கடுமையாக மறுத்தார்கள். ஆகவே, சார்பே அற்றவராக வேடமிட்டிருந்த ஒருவர் திடீரென்று முகமூடியைக் கழற்றினார் என்ற சித்திரம் அவருக்குப் பொருந்தாது. அவர் எங்கே நிற்கிறார் என்பது பார்வையாளர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது.

அவர் டாட்டன் தொகுதிக்கு வந்த கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். செஷயரில் உள்ள அத்தொகுதியின் கன்சர்வேடிவ் உறுப்பினர் நீல் ஹாமில்டன், நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்பதற்காகத் தொழிலதிபர் ஒருவரிடம் பணம் பெற்றார் என்ற குற்றச்சாட்டு 1994இல் செய்தித்தாளில் வெளிவந்தது. அவர் அதைத் தொடர்ந்து மறுத்துவந்தார். விசாரணையின் முழு அறிக்கை வெளிவருவதற்குள் 1997ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல் வந்துவிட்டது. அப்போது லேபர் கட்சியும் லிபரல் டெமாக்ரட் கட்சியும் தத்தம் வேட்பாளர்களை விலக்கிக்கொண்டு, ஊழலுக்கு எதிரான பொது வேட்பாளர் ஒருவருக்கு இடம் விட்டன. வாக்குப்பதிவுக்கு 24 நாட்கள் இருக்கும்போது, ஏப்ரல் 7ஆம் தேதி, பெல் பிபிசியை விட்டு விலகிச் சுயேச்சையாக நிற்பதாக அறிவித்தார். போர்க்களத்தில் ராசியானது என்று நம்பி அணியத் தொடங்கிய வெள்ளை உடையோடுதான் பிரசாரத்துக்கும் போனார். (நம் ஊரில் வெள்ளை உடுத்தினால் அரசியலுக்கு வந்துவிட்டார் என்று பொருள், அவரிடமோ அது அரசியலுக்கு முந்தைய பழக்கம்.) மே 1ஆம் தேதி, 22,000க்கும் மேற்பட்ட வாக்குகள் வித்தியாசத்தில் கன்சர்வேடிவ் கட்சி வைத்திருந்த தொகுதியை, 11,077 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். 1951க்குப் பிறகு அந்நாட்டில் சுயேச்சை வேட்பாளர் ஒருவர் தேர்தலில் வென்றது அதுவே முதல் முறை.

இதில் நான் கவனிப்பது வெற்றியை அல்ல, அந்த 24 நாட்களை. செய்தியாளர் அரசியலுக்குப் போகும் நாளில் நம்பிக்கைத் துரோகம் எதுவும் நிகழ்வதில்லை. அன்று எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிடுகிறது. போவதென்று உள்ளூர முடிவு செய்துவிட்டு, அதைச் சொல்லாமல் திரையில் தொடரும் மாதங்கள்தாம் பழுதானவை. அந்த மாதங்களில் அவர் யாரைப் பேட்டிக்கு அழைத்தார், யாரிடம் கேள்வியை மென்மையாக்கினார், எந்தச் செய்தியைத் தள்ளிவைத்தார் என்பதெல்லாம் பிற்பாடு சந்தேகத்துக்கு உள்ளாகும். அவர் குற்றமற்றவராகவே இருந்தாலும் உள்ளாகும். பெல்லுக்கு அத்தகைய மாதங்கள் இல்லை. அழைப்பும் முடிவும் விலகலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வந்தன. அவர் அதுவரை அனுப்பிய செய்திகளோ பெரும்பாலும் அயல்நாட்டுப் போர்களைப் பற்றியவை. செஷயரின் வாக்காளர் எவரையும் வளைக்கும் நோக்கம் அவற்றில் இருந்திருக்க வழியில்லை.

இஸ்ரேலின் யாயிர் லப்பிடை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டாம் அலைவரிசையின் வெள்ளி இரவுச் செய்தி நிகழ்ச்சியை அவர் நடத்திவந்தபோதே, அரசியலுக்குப் போகப்போகிறார் என்ற பேச்சு நாடு முழுவதும் இருந்தது. செய்தியாளர்கள் வேட்பாளராகும் முன் குறிப்பிட்ட காலம் விலகி இருக்க வேண்டும் என்ற சட்டமுன்வடிவை ‘லப்பிட் சட்டம்’ என்றே அழைத்தார்கள். அவர் 2012 ஜனவரியில் தொலைக்காட்சியிலிருந்து விலகினார். புதிதாகத் தொடங்கிய கட்சிக்கு 2013 ஜனவரித் தேர்தலில் 120க்கு 19 இடங்கள் கிடைத்தன. நிதியமைச்சராகி, 2022இல் சில மாதங்கள் பிரதமராகவும் இருந்தார். அவர் திரையைத் தவறாகப் பயன்படுத்தினார் என்று நான் சொல்லவில்லை. சந்தேகத்துக்கு இடம் விட்டார் என்கிறேன். நீங்கள் எழுப்பும் கேள்வியை அவரிடம் கேட்பது முற்றிலும் பொருந்தும்.

ஆஸ்திரேலியாவின் மேக்சின் மெக்யூ இருவருக்கும் இடைப்பட்டவர். 2006இன் இறுதியில் பொது ஒளிபரப்பு நிறுவனமான ஏபிசியிலிருந்து விலகி, அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் லேபர் கட்சி வேட்பாளராக அறிவிக்கப்பட்டு, பிரதமர் ஜான் ஹோவர்ட் 1974 முதல் வைத்திருந்த பென்னெலாங் தொகுதியில் அவரையே தோற்கடித்தார். 2010இல் அதே தொகுதி மெக்யூவை ஒரு முன்னாள் டென்னிஸ் வீரரிடம் தோற்கவைத்தது. முகம் ஒரு தேர்தலுக்குத்தான் தாங்கும்போலும்.

மறுபடியும் பெல்லுக்கு வருகிறேன். ஒரு தரப்பாக நின்றுவிட்டவரின் பார்வை அதன் பிறகு கோணலாகிவிடும் என்பது உங்கள் கடிதத்தின் உட்கிடை. 1997 நவம்பரில் நடந்ததைப் பாருங்கள். புகையிலை விளம்பரத் தடையிலிருந்து ஃபார்முலா ஒன் கார் பந்தயத்துக்கு விலக்களிக்க புதிய லேபர் அரசு முற்பட்டிருந்தது. அப்பந்தயத்தின் தலைவர் பெர்னி எக்கிள்ஸ்டோன் லேபர் கட்சிக்குப் பத்து லட்சம் பவுண்டு நன்கொடை தந்திருந்தது தெரியவந்தது. அப்போது அவையில் பெல் எழுந்து, ஒரு பூதநாகத்தை (டிராகனை) கொன்றது, வாயில் சிவப்பு ரோஜாவைக் கவ்விய இன்னொரு பூதநாகம் அதன் இடத்தைப் பிடிப்பதற்குத்தானா என்று பிரதமர் பிளேரிடம் கேட்டார். சிவப்பு ரோஜா லேபர் கட்சியின் சின்னம். தனக்காக வேட்பாளரை விலக்கிக்கொண்ட கட்சியைப் பார்த்து, வென்று ஏழு மாதங்கள் முடிவதற்குள் கேட்ட கேள்வி அது. செய்தியாளருக்குரிய பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை என்பதற்கு எனக்கு இது போதும்.

இனி உங்கள் முதல் குற்றச்சாட்டு. முகம் உரிமக் கட்டணம் கட்டியவர்களின் செலவில் உருவானது என்பதை மறுக்க என்னிடம் வாதம் இல்லை. அந்த முகம் இல்லாவிட்டால் இரு கட்சிகள் அவருக்காக வழிவிட்டிருக்கப் போவதில்லை. ஒரே ஒரு முறைதான் உறுப்பினராக இருப்பேன் என்று டாட்டன் வாக்காளர்களுக்கு அவர் கொடுத்த வாக்குறுதியை, கடன் வாங்கியதைத் திருப்பித் தரும் முயற்சி என்று நான் எடுத்துக்கொண்டிருந்தேன். வாக்குறுதியைக் காப்பாற்றி 2001இல் டாட்டனை விட்டு விலகவும் செய்தார். தொகுதி மறுபடியும் கன்சர்வேடிவ் கட்சிக்கே, முப்பது வயதான ஜார்ஜ் ஆஸ்போர்னுக்குப் போயிற்று. ஆனால் பெல் வீட்டுக்குப் போகவில்லை. அதே தேர்தலில் எசெக்ஸின் பிரென்ட்வுட் அண்ட் ஓங்கர் தொகுதியில் நின்றார். இம்முறை எந்தக் கட்சியும் வேட்பாளரை விலக்கவில்லை. சுமார் 2,800 வாக்குகள் வித்தியாசத்தில் தோற்றார். 2004இல் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலிலும் நின்று தோற்றார்.

டாட்டனுக்குத் தந்த வாக்குறுதியின் எழுத்தை அவர் மீறவில்லை. அதன் உட்பொருளை மீறினாரா என்று கேட்டால், ஆம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சென்ற வாரக் கட்டுரையில் பிரென்ட்வுட்டைக் குறிப்பிடாமல் விட்டது என் பிழை. அதைக் குறிப்பிட்டிருந்தால் ‘நேர்மையான எடுத்துக்காட்டு’ என்ற சொற்களை அவ்வளவு எளிதாக எழுதியிருக்க மாட்டேன்.