நிறுத்திய இயந்திரத்துக்குள் மிச்சமிருப்பது

ஐயா, வணக்கம். வண்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறேன். தகடு வெட்டும் பிரஸ் ஒன்றும் அங்கே உண்டு. டன் கணக்கில் தூக்கும் ஜாக்கி அசையாமல் நிற்கும்போதும், ஸ்டாண்ட் வைக்காமல் வண்டிக்கு அடியில் போகக்கூடாது என்கிறார் சூப்பர்வைசர். பிரஸ்ஸில் வேலை என்றால் மெயினை அணைத்துப் பூட்டும் போடச் சொல்கிறார். "வேலை நடக்கிறது, சுவிட்சைப் போடாதீர்கள்" என்று ஓர் அட்டை மாட்டினால் போதாதா? இன்னொன்று, எனக்கென்று தனிப் பூட்டு தரவில்லை. சீனியரின் பூட்டு இருக்கிறதே என்கிறார்கள். கேட்டு வாங்க வேண்டுமா?
சு.

அன்புள்ள சு.,

உங்கள் சூப்பர்வைசர் சொல்வது சரி. இயந்திரத்தை நிறுத்துவது வேறு, அதற்குள் தேங்கியிருக்கும் ஆற்றலை வெளியேற்றுவது வேறு. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லித்தர வேண்டும் என்பேன்.

ஜாக்கியை எடுத்துக்கொள்வோம். நீங்கள் கைப்பிடியை அழுத்தும்போது ஒரு சிறிய பிஸ்டன் எண்ணெயைப் பெரிய சிலிண்டருக்குள் தள்ளுகிறது. அடைபட்ட திரவத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்று 17-ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்டு சொன்னது இங்கே வேலை செய்கிறது. பெரிய பிஸ்டனின் பரப்பு சிறியதைப்போல 20 மடங்கு என்றால் விசையும் ஏறக்குறைய 20 மடங்கு. தூக்கியாயிற்று, சரி. இப்போது வண்டியைத் தாங்கி நிற்பது எது? எண்ணெய். அந்த எண்ணெயைத் திரும்பவிடாமல் பிடித்திருப்பவை ஒரு சின்ன வால்வும் சில சீல்களும். வால்வு உட்காரும் இடத்தில் ஒரு துணுக்கு அழுக்கு சிக்கினால் வண்டி மெல்ல இறங்கும். சீல் கிழிந்தால் மெல்ல இறங்காது. இரண்டுமே வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

ஸ்டாண்டில் எண்ணெயும் இல்லை, சீலும் இல்லை. இரும்புப் பல் அல்லது குறுக்கே செருகிய இரும்பு ஆணிதான் எடையைத் தாங்குகிறது. தரை கெட்டியாகவும் சமமாகவும் இருக்கட்டும். தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜாக்கியை இறக்கி எடை முழுவதும் ஸ்டாண்டில் உட்கார்ந்த பிறகு, பக்கவாட்டில் நின்று வண்டியைக் கையால் அழுத்தி ஆட்டிப் பாருங்கள். ஆடி விழுவதாக இருந்தால் நீங்கள் அடியில் போகும் முன்பே விழட்டும்.

இதே கண்ணோடு பட்டறையைச் சுற்றிப் பாருங்கள். ஷாக் அப்சார்பரைச் சுற்றியுள்ள காயில் ஸ்பிரிங் வண்டி நிற்கும்போதும் அழுத்தப்பட்டே இருக்கிறது. ஸ்பிரிங்கை அதற்குரிய கருவியால் இறுக்காமல் மேல் நட்டைக் கழற்றினால் பாய்ந்து வரும். சூடான என்ஜினின் ரேடியேட்டர் மூடிக்குப் பின்னால், அழுத்தத்தால் மட்டுமே கொதிக்காமல் இருக்கும் நீர் உண்டு. மூடியைத் திறந்த கணமே அழுத்தம் போய்விடும், நீர் பொங்கி முகத்தில் அடிக்கும். ஹைபிரிட் வண்டியில் உயர் மின்னழுத்த பேட்டரியைத் துண்டித்த பிறகும் இன்வெர்ட்டரின் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று அந்த வண்டியின் கையேட்டிலேயே போட்டிருக்கும்.

காற்றைப் பலரும் இலேசாக எடுத்துக்கொள்கிறார்கள். கொள்கலன் அழுத்தம் தாங்குமா என்று சோதிப்பவர்கள் கூடியவரை நீர் நிரப்பித்தான் சோதிப்பார்கள். ஏன் தெரியுமா? நீர் அநேகமாக அமுங்காது. விரிசல் விட்டால் கொஞ்சம் பீய்ச்சும், அழுத்தம் உடனே விழுந்துவிடும். காற்று அமுங்கி உள்ளே அடைந்திருக்கும். உடைந்தால் அத்தனையும் ஒரே நொடியில் விரிந்து உலோகத் துண்டுகளை வீசும். லாரி டயருக்குக் கூண்டுக்குள் வைத்துக் காற்றடிப்பதும் இதற்காகத்தான்.

இனி பிரஸ். பச்சை, சிவப்புப் பொத்தான்கள், பிரஸ்ஸை ஓடு, நில் என்று ஏவும் கன்ட்ரோல் சர்க்யூட்டைச் சேர்ந்தவை. அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்தினாலும் மெயின் வயரில் மின்சாரம் அப்படியே இருக்கும். ஆகவே மெயினையே அணைக்க வேண்டும். அணைத்த பிறகும் ஃப்ளைவீல் என்னும் கனமான சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும், ஏர் லைனில் அழுத்தம் இருக்கும், தகட்டை வெட்ட மேலும் கீழும் போய்வரும் கனமான பகுதியான ராம், மேலே நின்றால் தன் எடையாலேயே இறங்கக்கூடும். சக்கரம் முழுதாக நிற்கட்டும். காற்றை வெளியேற்றுங்கள். ராமுக்கு அடியில் அதற்கென்றே செய்த தாங்குகட்டையைக் கொடுங்கள். பூட்டிய பிறகு ஸ்டார்ட் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். தவறான சுவிட்சைப் பூட்டியிருந்தால் அப்போதுதான் தெரியவரும். டெஸ்டர் வைத்துப் பார்க்கும் எலக்ட்ரீஷியன், மின்சாரம் இருப்பது உறுதியான ஓர் இடத்தில் முதலில் அதைச் சோதிப்பார், கடைசியிலும் சோதிப்பார். டெஸ்டரே கெட்டுப்போயிருந்தால் "மின்சாரம் இல்லை" என்றுதானே காட்டும்!

அட்டை போதுமா என்று கேட்டீர்கள். போதாது. சுவிட்சைப் போடுபவர் கெட்ட எண்ணத்தோடு போடுவதில்லை. வேலை முடிந்துவிட்டது, அட்டையை எடுக்க மறந்துவிட்டார்கள் என்று நினைத்துப் போடுவார். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் இது வெகு எளிதாக நடக்கும். அட்டை அவரிடம் கேட்டுக்கொள்ள மட்டுமே முடியும், அவர் கையைப் பிடிக்க முடியாது. பூட்டு பிடிக்கும். அமெரிக்காவில் இதற்கென்றே 1989-இல் விதி வந்தது.

கடைசிக் கேள்விதான் என்னைக் கவலைப்பட வைத்தது. உங்களுக்கும் தனிப் பூட்டு வேண்டும், கேட்டு வாங்குங்கள். சீனியர் தன் வேலையை முடித்துக்கொண்டு பூட்டைக் கழற்றும்போது நீங்கள் பின்பக்கத்தில் குனிந்து போல்ட் முடுக்கிக்கொண்டிருக்கலாம். அவருக்கு அது தெரிய வழியில்லை. ஒரே சுவிட்சில் பல பூட்டுகளை மாட்டுவதற்கென்று துளைகள் உள்ள கொண்டி கிடைக்கிறது. வேலை செய்யும் ஒவ்வொருவரும் அதில் தன் பூட்டை மாட்ட வேண்டும், சாவி அவரவர் பையில். கடைசிப் பூட்டு கழலும்வரை மெயின் ஏறாது. பூட்டில் உங்கள் பெயரை எழுதுங்கள், உங்கள் சாவியால் வேறெந்தப் பூட்டும் திறக்கக்கூடாது. சூப்பர்வைசரிடம் நாளைக்கே கேளுங்கள். கவனமுள்ளவராகத் தெரிகிறார், தருவார் என்றே நினைக்கிறேன். அது கைக்கு வரும்வரை பிரஸ்ஸுக்குள் கை வைக்காதீர்கள்.